சகாயராஜுக்கும் முள்ளெலிக்கும் நடந்த தேர்தல்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜெர்மனி என்னை இந்திய விவகார நிபுணராக நியமித்திருக்கிறது. நியமன உத்தரவு என் மகளின் பள்ளிக்கூடப் பையில், பாதி கடித்த ஆப்பிளுக்கும் ஈரக் கையுறைக்கும் நடுவில் வந்து சேர்ந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இரண்டாம் வகுப்பில் 'குடும்ப நினைவுகளைப் பகிரும் நாள்'. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து பேச வேண்டும். ஷைனியின் அப்பா மட்டும் இருபது நிமிடம் கூடுதலாக இருந்து, இந்தியாவைப் பற்றி விளக்க வேண்டும். தகுதி: அங்கே பிறந்தது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். திண்டுக்கல்லில் நான்கு வருடம் படித்த படிப்பு செல்லும் என்று ஒத்துக்கொள்ள இந்த நாட்டுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. சான்றிதழ், சான்றிதழின் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் மொழிபெயர்க்கத் தகுந்தவர்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ். நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் சேர்த்து நான்தான் நிபுணர் என்று ஒத்துக்கொள்ள ஓர் ஆப்பிளைப் பாதி தின்கிற நேரம் போதுமாயிருந்தது. குறை சொல்லவில்லை. முன்னுரிமைகள் தெளிவாக இருக்கும் தேசம்.

என் ஜெர்மன் மொழியின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் நம்மூர் மாதிரி 'நீ', 'நீங்கள்' உண்டு. சேர்ந்த முதல் மாதம் முழுக்க இல்லத்தின் இயக்குநரை 'நீ' என்றும், இல்லத்துப் பூனையை 'நீங்கள்' என்றும் அழைத்துவந்தேன். யாரும் திருத்தவில்லை. இந்தியாவில் பூனைக்கு அவ்வளவு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம்.

ஷைனிக்கு ஏழு வயது. ஒன்றரை வயதில் கூட்டி வந்தோம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். "சாப்டியா?" என்றால் அவர்கள் மொழியில் "ஆமாம்". "என்ன சாப்ட்ட?" என்றால் அவர்கள் மொழியில் ஒரு நீளமான பண்டத்தின் பெயர். தமிழ் அவள் காதுக்குள் போகிறது, உள்ளே போய் என்ன ஆகிறது என்று தெரியவில்லை. போய்விட்டது என்றுதான் நானும் என் மனைவி ரீட்டாவும் முடிவு செய்திருந்தோம். ரீட்டாவும் நர்ஸ்தான், ஆஸ்பத்திரியில். அவள் வேலை முடிந்து வரும்போது நான் கிளம்புவேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பெரும்பகுதி வாசல் கதவருகே நடக்கிறது.

கடிதத்தை அங்கே வைத்துத்தான் காட்டினேன்.

"ஒத்துக்கிட்டீங்களா?"

"ஆமா. நிபுணர்னு போட்டுருக்காங்க."

"வீட்டுல வாஷிங் மெஷின் ஓடலன்னா ஆள் கூப்பிடணுங்கிறீங்க. அம்புட்டு பெரிய தேசத்துக்கு நிபுணராக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

2

பேச்சோடு ஏதாவது பலகாரம் கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தது. முறுக்கு சுடுவதாகப் பதில் போட்டேன். மறுநாள் ஒரு படிவம் வந்தது. முறுக்கில் கடலை, பால், முட்டை, மீன், எள் உண்டா? மீன் உண்டா என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். எள்ளும் வெண்ணெயும் உண்டு என்று உண்மையை எழுதினேன். இரண்டும் அனுமதிக்கப்படாது என்று பதில். இப்படியாக எள் இல்லாத, வெண்ணெய் இல்லாத, பார்ப்பதற்கு மட்டும் முறுக்கு மாதிரி இருக்கிற ஒன்றைச் சுட்டு, அதன் மேல் இன்ன மாவு என்று சீட்டு ஒட்டினேன். கொஞ்சம் என்னைப் போலவே இருந்தது.

பேசுவதற்கும் தயாரானேன். திண்டுக்கல் சீமைக் கத்தோலிக்கர் வீடுகளில் கிறிஸ்து பிறப்புக்குக் குடில் வைக்கும் கதை. பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்து, அது முளைத்துப் பச்சையானதும் குடிலுக்கு முன் வயல் மாதிரி வைப்போம். அன்று காலை ஒரு கிலோ கறி எடுத்து, அதைப் பதினோரு பேருக்குக் காட்டும் வித்தையை அம்மா செய்வாள். பக்கத்து வீட்டு இந்துக்காரர்களுக்குத் தட்டில் அதிரசம் போகும். அழகான நினைவுகள். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் ஒவ்வாமை தராதவை.

முந்தின நாள் வகுப்பு ஆசிரியை ஃபிராவ் கெல்லர் போன் செய்தார். மிக நல்ல அம்மா. நல்லவர்களிடம் பேசும்போதுதான் எனக்கு பயம் அதிகம்.

"ஒரு சிறிய உதவி. எங்கள் வகுப்பு இந்தியாவில் ஒரு பையனின் படிப்புக்கு உதவி செய்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் வழியாக. அவன் உங்கள் மொழியில்தான் கடிதம் எழுதுகிறான். இந்தத் தடவை மொழிபெயர்ப்பு இல்லாமல் வந்திருக்கிறது. அதை நீங்கள் வாசித்துக்காட்ட முடியுமா?"

"கண்டிப்பாக."

"பிள்ளைகளுக்கு அவன்மேல் கொஞ்சம் வருத்தம். போன கிறிஸ்துமஸுக்குக் கால்பந்து அனுப்பினார்கள். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை. என்ன கேட்டாலும் மழையைப் பற்றியே எழுதுகிறான். வரும் வருடம் அவனுக்குப் பதிலாக முள்ளெலிக் காப்பகத்தில் ஒரு முள்ளெலியைத் தத்தெடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் பேசி முடித்ததும் ஓட்டெடுப்பு."

முள்ளெலி, கையளவு உடம்பில் முள் வைத்துக்கொண்டு, ஆபத்து வந்தால் சுருண்டுகொள்ளும் பிராணி. குளிர்காலத்தில் எடை குறைந்தால் செத்துப்போகுமாம். காப்பகத்துக்குக் காசு அனுப்பினால் மாதாமாதம் அதன் எடை விவரமும் வீடியோவும் வரும். எடை ஏறுவதைப் பார்க்கலாம். அந்தப் பையன் சகாயராஜிடம் அந்த வசதி இல்லை.

"அந்தப் பையனுக்கு?" என்று கேட்டேன்.

"நிறுவனம் வேறு யாரையாவது தேடிக்கொடுக்கும் என்றார்கள்."

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். ஊரில் என்னோடு படித்த அருளப்பனுக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியபோதும் வேறு யாரையாவது தேடிக்கொடுப்பதாகத்தான் சொன்னார்கள். தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பூப்பறிக்கப் போனான். இன்னும் பறிக்கிறான்.

3

இதுவரை என் மகளுக்கு நான் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே சொல்கிறேன். நானும் ஒரு சகாயராஜ்.

நிலக்கோட்டைப் பக்கம், சுற்றிலும் மல்லிகைத் தோட்டம் இருக்கும் ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போட மட்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். போக வைத்தது இங்கே ஜெர்மனியில் எங்கோ ஓர் ஊரில் இருந்த ஹில்டா என்கிற அம்மா அனுப்பிய காசு. ஊரில் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். எங்களுக்கு 'ஸ்பான்சர் பையங்க' என்று பட்டப்பெயர்.

வருடத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால், எங்கள் பதினான்கு பேரையும் கூட்டி உட்காரவைத்து கன்னியர் மடத்து சிஸ்டர் கரும்பலகையில் கடிதத்தை எழுதிப்போடுவார். பார்த்து எழுத வேண்டும். 'அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். எங்கள் ஊரில் இந்த ஆண்டு நல்ல மழை பெய்தது. நான் நன்றாகப் படிக்கிறேன். தங்களுக்காக தினமும் செபிக்கிறேன்.' மழை பெய்யாத வருடமும் அதே வரிதான். ஒரு தடவை மழை இல்லாமல் கிணறெல்லாம் வறண்டு கிடந்தது. "சிஸ்டர், மழையே இல்லையே" என்றேன்.

"ஏலே, அவங்க மனச எதுக்குக் கஷ்டப்படுத்துற? எழுது."

அடுத்து போட்டோ. பதினான்கு பேருக்கும் ஒரே ஒரு நல்ல சட்டை. ஊதா நிறம், முழுக்கை. ஒருத்தன் போட்டு, போட்டோ எடுத்து, கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான். கடைசியில் நிற்கிறவனுக்குச் சட்டை ஈரமாக வரும். ஜெர்மனியில் பதினான்கு வீடுகளில் பதினான்கு பையன்கள் ஒரே சட்டையில் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். சிரிப்புக்கும் அளவு உண்டு. "ரொம்பச் சிரிச்சா ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு நெனப்பாங்க. மொகத்தத் தூக்கி வச்சிருந்தா அனுப்புனது வந்து சேரலன்னு நெனப்பாங்க. நடுவுல இருங்கடா" என்பார் சிஸ்டர். நடுவில் இருப்பது எப்படி என்று அன்று கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் பிழைக்க அதைவிடப் பெரிய படிப்பு இல்லை.

ஹில்டா அம்மாவின் கடிதங்களும் வரும். உன் வீட்டில் நாய் உண்டா? உனக்கு என்ன பிடிக்கும்? அவர் கேட்டதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்படும். பதில் சொல்லத்தான் கரும்பலகையில் இடமில்லை. பதினெட்டு வயதில் உதவி முடிந்தது, கடிதமும் முடிந்தது. அவர் என்னை என்ன நினைத்திருப்பார் என்று ஃபிராவ் கெல்லர் போன் செய்யும்வரை நான் யோசித்ததே இல்லை.

4

வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள் சின்ன நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு சின்ன நாற்காலி. முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து குடிலைப் பற்றியும் கேழ்வரகைப் பற்றியும் சொன்னேன். முறுக்கை மரியாதைக்காகக் கடித்தார்கள். ஷைனி எனக்கு நேர் எதிரே, என்னைத் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள். அப்பா பள்ளிக்கூடம் வந்தால் அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் ஒன்று போலிருக்கிறது.

ஃபிராவ் கெல்லர் கடிதத்தைக் கொடுத்தார். கோடு போட்ட தாள், நீல மை. விருதுநகர்ப் பக்கம் ஏதோ ஊர். 'அன்புள்ள நண்பர்களுக்கு, நான் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். எங்கள் ஊரில் இந்த ஆண்டு நல்ல மழை பெய்தது.'

அப்படியே சத்தமாகத் தமிழில் வாசித்தேன். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் 'அம்மாவுக்கு' என்பது 'நண்பர்களுக்கு' என்று மாறியிருக்கிறது. மற்றபடி மழை அதே மழை.

யோனாஸ் என்ற பையன் கை தூக்கினான். "பந்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான்?"

இங்கேதான் நான் நிபுணத்துவத்தைக் காட்டினேன். "இதோ எழுதியிருக்கிறானே" என்று ஒரு வரியில் விரலை வைத்து, "நீங்கள் அனுப்பிய பந்து ரொம்ப அருமை, தினமும் சாயங்காலம் நண்பர்களோடு விளையாடுகிறேன்" என்று அவர்கள் மொழியில் வாசித்தேன். எல்லா முகமும் மலர்ந்தது. முள்ளெலி தோற்றுவிட்டது என்று நினைத்தேன்.

எதிரே இருந்து ஒரு குரல். தமிழில்.

"அப்பா, நீங்க பந்துன்னு வாசிக்கவே இல்லயே."

ஷைனிதான். ஐந்து வருடமாக வீட்டில் ஒரு முழு வாக்கியம் கேட்டுத் தவமிருந்தேன். அது இங்கே, இந்த நேரத்தில், அத்தனை பேருக்கு முன்னால் வந்தது. இலக்கணச் சுத்தமாக.

"என்ன சொல்கிறாள்?" என்றார் ஃபிராவ் கெல்லர்.

நான் வாயைத் திறக்கும் முன் அவளே மொழிபெயர்த்துவிட்டாள். "பந்து என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் இல்லை. அப்பா சும்மா சொன்னார்." பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஒரு தகப்பன் எல்லாப் பக்கமும் இப்படி ஜாக்கிரதையாக இருக்கக் கூடாது.

வேறு வழியில்லை. சொன்னேன். அந்தக் கடிதம் அவன் எழுதியதில்லை, பலகையைப் பார்த்து எழுதியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் எழுதியிருக்கிறேன். இந்த நாட்டில் ஓர் அம்மா எனக்குக் காசு அனுப்பினார். நான் அந்தப் பையன்தான்.

ஷைனி என்னையே பார்த்தாள். பிறகு கேள்விகள் வந்தன. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இரக்கம் காட்டத் தெரியாது, விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் தெரியும்.

"நீங்கள் ஏன் தனியாக எழுதவில்லை?"

"எழுதலாம் என்று தெரியாது."

"உங்களுக்குப் பந்து வந்ததா?"

"கம்பளித் தொப்பி வந்தது. வெயிலில் போட்டுக்கொண்டு சுற்றினேன்."

அதற்குச் சிரித்தார்கள். பிறகு சடை போட்ட ஒரு பெண் கேட்டாள்: "கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அந்த அம்மாவுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

யாருமே என்னிடம் கேட்டிராத கேள்வி. கொடுத்தது உண்டு. மார்கழிப் பனியில் மல்லிகை பூக்காது. தோட்டம் முழுக்கத் தேடினால் ஒரு பிடி மொட்டு தேறும். நான் நான்காவது படிக்கும்போது, அம்மா ஒரு நாள் கூலிக்குப் பதிலாக அந்த ஒரு பிடியைக் கேட்டு வாங்கிவந்தாள். நெருக்கிக் கட்டி, ஈரத் துணியில் சுற்றி, சிஸ்டரிடம் கொண்டுபோனாள்.

"சிஸ்டர், இத அந்தம்மாவுக்குப் போற கவர்ல வச்சு விட்ருங்க. தலைக்கு வச்சிக்கிறட்டும்."

"ஏம்மா, போய்ச் சேர ஒரு மாசமாகும். வாடிப் போயிரும்."

"வாடுனா என்ன சிஸ்டர், வாசம் இருக்கும்ல."

சிஸ்டர் சரி என்று வாங்கிக்கொண்டார். கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போனால், அந்தச் சரம் குடிலில் குழந்தை ஏசுவின் கழுத்தில் கிடந்தது. தன் கைக்கட்டு அம்மாவுக்குத் தெரியாதா? செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். சாமிக்குப் போட்டதைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து கறியை நறுக்கிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "அப்ப நம்ம வாங்க மட்டுந்தானா?"

இதைத் திக்கித் திக்கி, மல்லிகைக்கும் குடிலுக்கும் வார்த்தை தேடி, சொல்லி முடித்தேன். ஃபிராவ் கெல்லர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சடை போட்ட பெண் மட்டும், "அந்த அம்மாவுக்கு அது தெரியவே தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "அது சரியில்லை" என்றாள். அவ்வளவுதான். நிபுணருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

5

ஓட்டெடுப்பு நடந்தது. மடித்த சீட்டு, காலணிப் பெட்டி, பெட்டியில் ஓட்டை. கள்ள ஓட்டு இல்லை, பிரியாணிப் பொட்டலம் இல்லை. என்னை இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

முள்ளெலி பதின்மூன்று. சகாயராஜ் பத்து.

யோனாஸ் காரணத்தை விளக்கினான். பையனுக்குக் கடிதம் எழுதப் பிடிக்கவில்லை, அவனைப் போட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். முள்ளெலிக்கு எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. என் கண்ணீர்க் கதையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட நீதி இது. தப்பென்று சொல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஷைனி நாலடி முன்னால் போனாள். அவளுக்கு என் மேல் கோபம். எதற்குக் கோபம், பொய் சொன்னதற்கா, இத்தனை நாள் சொல்லாததற்கா என்று தெரியவில்லை.

"நீ யாருக்குப் போட்ட?"

"முள்ளெலிக்கு." தமிழில்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்டா? அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகணும்ல?"

நின்று திரும்பினாள். இவ்வளவு சுலபமான கணக்கு இவருக்குப் புரியவில்லையே என்ற முகம்.

"அவன நீங்க பாத்துக்குவீங்க. முள்ளெலிய நீங்க பாத்துக்க மாட்டீங்க."

6

பார்த்துக்கொள்ள விண்ணப்பித்தேன். எட்டுப் பக்கப் படிவம். உதவி செய்ய விரும்புவதன் காரணம் என்று ஒரு கட்டம், அதற்கு ஒன்றரை வரி இடம். 'மகள் சொன்னாள்' என்று எழுதினேன். இடம் மிச்சமிருந்தது.

பையனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதலாம் என்றும் இருந்தது. தமிழில் எழுதி அனுப்பினேன். நாலாம் நாளே திரும்பி வந்தது. உள்ளடக்கத்தைச் சரிபார்க்க இயலாத மொழிகளில் வரும் கடிதங்களை ஏற்க முடியாதாம். ஆகவே நிலக்கோட்டைக்காரன் விருதுநகர்க்காரனுக்கு ஜெர்மனில் எழுத வேண்டும். அது இங்கே ஆங்கிலமாகி, சென்னையில் தமிழாகி, அவன் கைக்குப் போகும். போகிற வழியில் எங்கேயாவது மழை பெய்துவிடும் என்று நினைக்கிறேன்.

ரீட்டா கதவருகே நின்று படிவத்தைப் புரட்டினாள். "எம்புட்டு விதி போட்ருக்காங்க. கல்யாணத்துக்குக்கூட நாம இம்புட்டு கையெழுத்துப் போடல."

கிறிஸ்துமஸ் அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஊர்ச் சத்தம், குக்கர் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்பான்சரா? நீயா?" என்று சிரித்தாள். "பெரிய ஆளாயிட்டடா அப்பு. இனிமே ஒன் போட்டோவ நாங்க சொவத்துல மாட்டி செபம் பண்ணணுமாக்கும்."

"வெளயாடாதம்மா."

"சரி, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பய வீட்டுலருந்து என்னத்தக் குடுத்தாலும் வாங்கிக்க. எதுக்கு, வேணாம்னு பெரிய மனுசனாட்டம் சொல்லிராத."

போனை வைத்துவிட்டு, ஷைனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மறுபடி ஜெர்மனில் எழுதினேன். படிவத்தோடு மாதிரி வாக்கியங்கள் சில கொடுத்திருந்தார்கள், பார்த்து எழுதுவதற்கு வசதியாக. அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. விதிமுறைகளில் ஆறாவது இப்படி: குழந்தையிடமோ அதன் குடும்பத்திடமோ எந்தப் பொருளும் உதவியும் கேட்கக் கூடாது.

'அன்புள்ள சகாயராஜ், உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். என் மகள் ஷைனிக்கு உங்கள் ஊர் விளையாட்டு ஒன்றுகூடத் தெரியாது. எனக்கும் பாதி மறந்துவிட்டது. நீ விளையாடுகிறவற்றில் நல்லதாக ஒன்றை அவளுக்குக் கொடு. எத்தனை பேர் வேண்டும், எப்படி அவுட் ஆவது, யார் ஏமாற்றுவான், எல்லாம் எழுது. மழையைப் பற்றி எழுத வேண்டாம்.'

கீழே ஷைனி அவள் பெயரைத் தமிழில் எழுதுவேன் என்று அடம்பிடித்தாள். எழுதினாள். ஷை பெரிதாகவும் னி சின்னதாகவும் வந்தது. அதைச் சரிபார்க்க இயலாது என்று திருப்பி அனுப்பினால், மறுபடியும் அனுப்புவோம்.